செவ்வாயில் பிறந்த பையனுக்கு எந்த நாட்டுக் கடவுச்சீட்டு?

நீளமான பதிவு இது. நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்துவிட்டு இரவில் ஆறுதலாக வாசியுங்கள்.

சரித்திரம் படிப்பிக்கும் சேர் எதற்கு விண்வெளி நாடகம் பற்றி எழுதுகிறார் என்று சிலர் கேட்பீர்கள். கடைசி வரை வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

'பயனியர் வன்' என்று ஒரு ஆங்கிலத் தொடர். ஆறே ஆறு பகுதிகள். முதல் பகுதி 2010 ஜூனிலும், கடைசிப் பகுதி 2011 டிசம்பரிலும் வெளிவந்தன. எந்தத் தொலைக்காட்சி அலைவரிசையும் இதற்குக் காசு கொடுக்கவில்லை. ஜோஷ் பேர்ன்ஹார்ட் என்பவரும் பிரேசி ஸ்மித் என்பவரும் கதையை உருவாக்கினார்கள், ஸ்மித் இயக்கினார். "எங்களிடம் ஒரு கதை இருக்கிறது, முதல் பகுதியை எடுக்க 6,000 டொலர் வேண்டும்" என்று இணையத்தில் பொதுமக்களிடம் கேட்டார்கள். முகம் தெரியாத ஆட்கள் பத்தும் இருபதுமாகப் போட்டு அந்தத் தொகையைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அதை வைத்து முதல் பகுதியை எடுத்து முடித்தார்கள்.

6,000 டொலர் என்பது எங்களுக்குப் பெரிய காசுதான். ஆனால் அமெரிக்காவில் ஒரு தொடரின் முதல் பகுதிக்கு அது தேநீர்ச் செலவுக்கும் காணாது. 2004இல் வந்த 'லொஸ்ட்' தொடரின் தொடக்கப் பகுதிக்குப் பத்து மில்லியன் டொலருக்கு மேல் செலவானதாகச் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊரில், இந்த 6,000 டொலர் நாடகம் அதே 2010இல் நியூயோர்க் தொலைக்காட்சி விழாவுக்குப் போய், சிறந்த நாடகத் தொடக்கப் பகுதிக்கான விருதை எடுத்தது.

கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். முழுவதும் சொல்லமாட்டேன், நீங்கள் பார்க்க வேண்டும்.

வானத்திலிருந்து ஏதோ ஒன்று எரிந்துகொண்டு விழுகிறது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துக்கு மேலே கதிர்வீச்சுப் பரவுகிறது. பொருள் போய் விழுந்த இடம் எல்லைக்கு அப்பால், கனடாவில். முதலில் எல்லோர் வாயிலும் வருவது "பயங்கரவாதிகளின் வேலை" என்பதுதான். 2001க்குப் பிறகு அமெரிக்கா உண்டாக்கிய உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆட்கள் ஓடி வருகிறார்கள். வந்து பார்த்தால், அது பழைய சோவியத் விண்கலம். உள்ளே சோவியத் விண்வெளி உடுப்போடு, உயிர் ஊசலாடும் நிலையில் ஒரு பையன். கூடவே ரஷ்ய மொழியில் ஒரு குறிப்பு: இவன் செவ்வாய்க் கிரகத்தில், அங்கே அனுப்பப்பட்ட சோவியத் விண்வெளி வீரர்களுக்குப் பிறந்த பிள்ளை.

நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்த காலத்தில் விடுதியில் இந்தத் தொடர் ஒரு பென் ட்ரைவில் கட்டில் கட்டிலாகப் போய் வந்தது. டொங்கிள் போட்டு ஒரு படத்தை இறக்க ஒரு இரவு முழுக்கக் காத்திருந்த காலம் அது. ஆறு பகுதிகளையும் இரண்டு இரவுகளில் பார்த்து முடித்துவிட்டு, மூன்றாம் இரவு விடியும் வரை எட்டுப் பேர் இருந்து வாதாடினோம். ஒருவர் "இது நடக்கவே முடியாது" என்றார். இன்னொருவர் "சோவியத்காரன் செய்திருப்பான், சொல்லாமல் விட்டிருப்பான்" என்றார்.

அந்த இரண்டாவது ஆளின் பக்கம்தான் நானும். செவ்வாய்க்கு ஆள் போகவில்லை, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சோவியத் யூனியன் தன் விண்வெளி விஷயங்களில் எவ்வளவை மூடி வைத்தது என்று படித்தவனுக்கு இந்தக் கதை சும்மா கற்பனையாகத் தெரியாது. வலன்டின் பொண்டரென்கோ என்று ஒரு இளைஞர். விண்வெளி வீரராகப் பயிற்சி பெற்றவர். 1961 மார்ச் 23ஆம் திகதி பயிற்சி அறைக்குள் தீப்பிடித்து இறந்தார். அடுத்த இருபதாம் நாள் யூரி ககாரின் பூமியைச் சுற்றி வந்தார், உலகமே கொண்டாடியது. பொண்டரென்கோ என்று ஒருவர் இருந்ததையும் இறந்ததையும் சோவியத் பத்திரிகை எழுதியது 1986இல். இருபத்தைந்து வருடம்!

சந்திரனுக்கு ஆள் அனுப்ப அவர்கள் கட்டிய என்-1 ரொக்கெட்டின் கதையும் அப்படித்தான். 1969க்கும் 1972க்கும் இடையில் நான்கு முறை ஏவினார்கள், நான்கும் தோல்வி. இரண்டாவது முறை, 1969 ஜூலை 3ஆம் திகதி, ஏவுதளத்தின் மேலேயே விழுந்து வெடித்தது. பதின்மூன்று நாள் கழித்து அமெரிக்காவின் அப்பலோ 11 புறப்பட்டது. "நாங்கள் சந்திரனுக்கு ஓட்டப் பந்தயம் ஓடவே இல்லை" என்றுதான் மொஸ்கோ பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தது. 1989 அளவில்தான் உண்மையை ஒத்துக்கொண்டார்கள். செவ்வாயிலும் அவர்களுக்கு ஒரு முதலிடம் உண்டு. 1971 டிசம்பர் 2ஆம் திகதி மார்ஸ் 3 என்ற கலம் மெதுவாகத் தரையிறங்கி, இருபது செக்கனுக்குள் பேச்சை நிறுத்திவிட்டது. ஏன் நின்றது என்று இன்றும் உறுதியாகச் சொல்ல ஆளில்லை. கதை எழுதுகிறவனுக்கு அந்த இருபது செக்கன் போதாதா?

இனி இந்தத் தொடர் எந்த வரிசையில் வந்து நிற்கிறது என்று பார்ப்போம். அதுதான் எனக்கு முக்கியம்.

அமெரிக்காவில் விஞ்ஞானப் புனைகதைத் தொடர்களை விரும்புகிறவர்கள் ஐம்பது வருடமாக மனு எழுதிக்கொண்டிருந்தவர்கள். 1966 செப்டெம்பரில் என்.பி.சி. அலைவரிசையில் 'ஸ்டார் ட்ரெக்' தொடங்கியது. இரண்டாவது வருடமே நிறுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. கலிபோர்னியாவில் பிஜோ டிரிம்பிள், ஜோன் டிரிம்பிள் என்ற கணவனும் மனைவியும் கடிதப் போராட்டம் ஒன்றை ஆரம்பித்தார்கள். ஒருவர் பத்துப் பேரை எழுதச் சொல்ல வேண்டும், அந்தப் பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துப் பேரைப் பிடிக்க வேண்டும். கால்டெக் மாணவர்கள் என்.பி.சி. கலையகத்துக்கு ஊர்வலமே போனார்கள். 1967 டிசம்பருக்கும் 1968 மார்ச்சுக்கும் இடையில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட கடிதங்கள். 1968 மார்ச் 1ஆம் திகதி, ஒரு பகுதி முடிந்தவுடனேயே, "தொடர் தொடரும்" என்ற பொருளில் ஒளிபரப்பிலேயே அறிவித்தார்கள்.

ஆனால் பாருங்கள், மூன்றாவது வருடத்தில் அந்தத் தொடரை வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளிவிட்டார்கள். அதைப் பார்க்கிற இளைஞர்கள் வீட்டில் இல்லாத நேரம். 1969இல் 79 பகுதிகளோடு கதை முடிந்தது. கேட்கிறவனுக்குக் கொடுப்பது போலக் கொடுத்து, வேறு கையால் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் பாலத்துக்கும் பஸ்ஸுக்கும் மனு கொடுத்து அலைந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

2007இல் இன்னும் வேடிக்கை. 'ஜெரிக்கோ' என்ற தொடர், அணுகுண்டு விழுந்த பிறகு ஒரு சின்ன ஊர் எப்படிப் பிழைக்கிறது என்ற கதை. சி.பி.எஸ். அதை நிறுத்தியது. கதையில் வரும் ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு, ரசிகர்கள் கம்பனிக்கு நிலக்கடலை அனுப்பத் தொடங்கினார்கள். இருபது தொன் கடலை! அலுவலகத்தில் வைக்க இடமில்லை. கம்பனி மனமிரங்கி இன்னும் ஏழு பகுதி எடுத்தது. அதோடு சரி.

கடிதமோ கடலையோ, கேட்கிற இடத்தில் ரசிகன், தீர்மானிக்கிற இடத்தில் கம்பனி. காசு விளம்பரக்காரனிடமிருந்து வருகிறது. பார்க்கிறவன் அந்தக் கணக்கில் ஒரு எண் மாத்திரம்.

2009 ஏப்ரலில் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையத்தளம் வந்தது. செய்ய நினைக்கிறவர் தனக்குத் தேவையான தொகையையும் கடைசி நாளையும் அறிவிப்பார். விரும்பியவர்கள் வாக்குக் கொடுப்பார்கள். அந்த நாளுக்குள் முழுத் தொகையும் சேர்ந்தால் மட்டும்தான் காசு கை மாறும். ஒரு டொலர் குறைந்தாலும் யாருக்கும் நட்டமில்லை. ஆட்கள் சேர்ந்து ஒரு வேலைக்கு முன்கூட்டியே காசு போடுவது எங்களுக்கும் அந்நியமில்லை. 19ஆம் நூற்றாண்டில் பழந்தமிழ் நூல்களை அச்சிட்டவர்கள் முதலில் கையொப்பம் சேர்த்தார்கள், உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைக் கொண்டுவந்தபோதும் கையொப்பக்காரர்களின் காசு அதில் இருந்தது. இணையம் செய்தது, கையொப்பம் வாங்க ஊர் ஊராக நடக்கிற நடையை மிச்சப்படுத்தியதுதான்.

தளம் வந்து ஒரு வருடம் கழித்துத்தான் அந்த 6,000 டொலர் சேர்ந்தது. 'பயனியர் வன்' ஆட்கள் இன்னொரு காரியமும் செய்தார்கள், அதைத்தான் நான் ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அலுப்புக் கொடுத்திருக்கிறேன். எடுத்த தொடரை விற்கவில்லை. வோடோ என்ற தளத்தின் மூலம் டொரன்ட்டில் இலவசமாக விட்டார்கள். டொரன்ட் என்றவுடன் எங்களுக்குத் திருட்டுப் படம்தான் ஞாபகம் வரும். அந்தக் கருவியின் வேலை எளிது: ஒரு கோப்பைத் துண்டு துண்டாக்கி, இறக்குகிற ஒவ்வொருவரும் தன்னிடம் வந்த துண்டை அடுத்தவருக்குக் கொடுக்கும்படி செய்வது. ஒரு பெரிய கணினிக்கு யாரும் வாடகை கட்டத் தேவையில்லை. ஒளிபரப்புக் கோபுரம் இல்லாதவனுக்கு இதைவிடப் பெரிய கோபுரம் கிடையாது. கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டபடியால், வியாபாரம் செய்யாமல் யாரும் பிரதி எடுக்கலாம், பகிரலாம், அதே நிபந்தனையில் அதன் மேல் புதிதாக ஏதும் செய்யவும் செய்யலாம். எங்கள் விடுதியில் சுற்றி வந்த பென் ட்ரைவ் முழுக்கச் சட்டப்படியானது என்று தெரிந்தபோது ஒரு நண்பர் கேட்டார்: "சும்மா கொடுத்தா அவனுகள் எப்படிடா பிழைக்கிற?" பார்த்து முடித்தவர்களிடம் "பிடித்திருந்தால் அடுத்த பகுதிக்குப் போடுங்கள்" என்று கேட்டார்கள். போட்டார்கள். அப்படித்தான் ஆறு பகுதி வரை போனது.

இதன் அருமை தெரிய வேண்டுமென்றால் அதே காலத்து இன்னொரு கதையைப் பக்கத்தில் வைக்க வேண்டும். 'ஸ்டார் ட்ரெக்' ரசிகர்கள் சிலர் 'அக்ஸனார்' என்ற பெயரில் தாங்களே ஒரு படம் எடுக்கப் புறப்பட்டார்கள். 2014இல் வந்த அதன் முன்னோட்டப் படம் பார்த்தவர்களை அசத்தியது. மக்கள் பத்து இலட்சம் டொலருக்கு மேல் கொட்டினார்கள். 2015 டிசம்பர் கடைசியில் சி.பி.எஸ்.ஸும் பாரமவுண்டும் வழக்குப் போட்டன. கதை உலகம் தங்களுடையது, கப்பல்கள் தங்களுடையவை, வேற்றுக் கிரகத்தவர் தங்களுடையவர்கள், அவர்கள் பேசும் கிளிங்கன் மொழியும் தங்களுடையது என்று முறைப்பாட்டில் எழுதினார்கள். (ஒரு மொழிக்குக் கம்பனி சொந்தக்காரனாக இருக்க முடியுமா என்று மொழி உருவாக்குவோர் சங்கம் ஒன்று நீதிமன்றத்துக்கு எழுதிய மனுவில் கிளிங்கன் வசனங்களையே போட்டிருந்தது. சட்டம் படிக்கிற பிள்ளைகள் தேடி வாசியுங்கள், சிரிப்பு வரும்.) 2016 ஜூனில் ரசிகர் படங்களுக்கு விதிகள் வந்தன: ஒரு கதை பதினைந்து நிமிடம், இரண்டு பாகமென்றால் மொத்தம் முப்பது நிமிடம், திரட்டும் பணம் 50,000 டொலருக்கு மேல் போகக் கூடாது. 2017 ஜனவரியில் வழக்கு சமரசத்தில் முடிந்தது.

கம்பனியில் நான் முழுப் பிழை சொல்லமாட்டேன். மற்றவனுடைய காணியில் வீடு கட்டினால் காணிக்காரன் ஒருநாள் வருவான். 1968இல் ஒரு இலட்சம் கடிதத்தால் அந்தத் தொடரைக் காப்பாற்றிய மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதில் ஒரு சதுர அடி கூட எழுதிக் கொடுக்கப்படவில்லை என்பது கசப்பான உண்மை, அவ்வளவுதான். 'பயனியர் வன்' ஆட்கள் சொந்தக் காணியில் குடிசை போட்டார்கள்.

குடிசை என்று சொன்னது சும்மா இல்லை. காசில்லாதது படத்தில் தெரியும். பெரும்பாலும் அறைகளுக்குள் ஆட்கள் நின்று பேசுவார்கள். சில நடிகர்கள் நன்றாகச் செய்கிறார்கள், சிலர் எழுதிக் கொடுத்ததை ஒப்புவிக்கிறார்கள். விண்கலம் பறக்கிற காட்சியைப் பார்க்க நினைத்து உட்கார்ந்தால் ஏமாந்து போவீர்கள். ஆனால் அந்த இல்லாமைதான் கதையைச் சரியான இடத்துக்குத் தள்ளியது என்பது என் அபிப்பிராயம். பறக்க வைக்கக் காசில்லாதபடியால், விழுந்த பிறகு அதிகாரிகள் என்ன செய்கிறார்கள் என்பதே கதையானது. அவன் சொல்வது உண்மையா? ரஷ்யாவிடம் கேட்பதா? கனடாவிலிருந்து அவனை யார் கொண்டுபோவது? செவ்வாய் பற்றி ஆராய்கிற ஒரு விஞ்ஞானி அவனை நம்ப ஆசைப்படுகிறார், பாதுகாப்பு அதிகாரி நம்பப் பயப்படுகிறார்.

போன தவணை உயர்தரப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லி ஒரு கேள்வி கேட்டேன்: இந்தப் பையன் எந்த நாட்டுப் பிரஜை?

"பிறந்த இடம் செவ்வாய்" என்றான் ஒருவன். 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தப்படி எந்த நாடும் எந்தக் கிரகத்தையும் தன் மண் என்று சொல்ல முடியாது. ஆக, மண்ணால் வரும் பிரஜாவுரிமை இல்லை. "வாப்பாவும் உம்மாவும் சோவியத்" என்றாள் ஒரு பிள்ளை. அந்த நாடு 1991 டிசம்பரில் இல்லாமல் போய்விட்டது. அதே ஒப்பந்தத்தில், விண்கலத்தை எந்த நாடு பதிவு செய்ததோ அந்த நாட்டுக்கே கலத்தின் மீதும் அதிலுள்ள பணியாளர் மீதும் அதிகாரம் என்று இருக்கிறது. ஆனால் இரகசியமாக அனுப்பிய கலத்தை யார் பதிந்திருப்பார்? அதில் பிறந்த குழந்தை பணியாளரா?

உண்மையிலேயே இதில் பாதி நடந்திருக்கிறது. செர்கேய் கிரிகலேவ் 1991 மே மாதம் சோவியத் பிரஜையாக மீர் நிலையத்துக்குப் போனார். மேலே இருக்கும்போதே அவருடைய ஊர் லெனின்கிராட் மறுபடியும் சென் பீட்டர்ஸ்பேர்க் ஆனது. பிறகு நாடே போய்விட்டது. 311 நாள் கழித்து, 1992 மார்ச்சில், அவர் வந்து இறங்கிய இடம் கசகஸ்தான் என்ற புது நாடு.

பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி, அதிகம் பேசாத பிள்ளை, எழும்பிக் கேட்டாள்: "சேர், அப்ப 1948ல தோட்டத்து ஆக்களுக்கு நடந்ததும் இதானே? இங்க பிறந்தும் இந்த நாட்டாள் இல்ல எண்டு சொன்னது?" பிரஜாவுரிமைச் சட்டம் அடுத்த வாரப் பாடம். நான் இன்னும் தொடங்கவே இல்லை. பலகையில் வருடத்தை எழுதிவிட்டு அன்றைக்கே தொடங்கினேன்.

'பயனியர் வன்'னுக்கு இரண்டாவது பருவம் வரவில்லை. ஆறு பகுதிக்கு ஒன்றரை வருடம் எடுத்தது. ஒவ்வொரு முறையும் காசு சேரும் வரை காத்திருந்து, பிறகு எடுத்து, பிறகு மறுபடியும் கேட்டு. நிறுத்தச் சொல்ல மேலே யாரும் இருக்கவில்லை. தொடர்ந்து கொடுக்கப் பின்னால் யாரும் இருக்கவுமில்லை. பத்து டொலர் போட்டவர் பங்காளி இல்லை, அடுத்த முறை போடாவிட்டால் அவரைக் கேட்க முடியாது. பிறகு வந்தவர்கள் பெரிய தொகை சேர்த்தார்கள். 2015இல் 'மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர்' என்ற பழைய தொடரை உயிர்ப்பிக்க 48,000க்கு மேற்பட்டவர்கள் 57 இலட்சம் டொலர் போட்டார்கள். 2021இல் மறுபடியும் போட்டார்கள். 2023இல் கேட்டபோது இலக்கு நிரம்பவில்லை. ரசிகர்களின் பையும் கிணறு இல்லை.

எனக்கு அந்த ஆறு பகுதியில் பாதியில் நிற்கும் கதை மீது கோபம் இல்லை. உரிமம் திறந்துதான் இருக்கிறது. அந்த மாணவியும் இன்னும் மூன்று பேரும் தமிழில் ஏழாவது பகுதி எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். பையனை விசாரிக்க ஒரு குடிவரவு அதிகாரி வருகிறார், படிவத்தில் "பிறந்த மாவட்டம்" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனையை வைத்துக்கொண்டு இருக்கிறார். அதுவரை எழுதி முடித்திருக்கிறார்கள்.

தொடர் வேண்டுமென்றவர்கள் பென் ட்ரைவ் கொண்டு வாருங்கள். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு வீட்டில் இருப்பேன்.